அசையாத காற்று, உலர்ந்த தோல்

1911-ம் ஆண்டு ஜூன் 27. அண்டார்டிகாவில் நடுக்குளிர்காலம், நண்பகலிலும் சூரியன் எழாத நாட்கள். தென்துருவத்தை அடையப் புறப்பட்டிருந்த ராபர்ட் ஸ்காட்டின் முகாமிலிருந்து எட்வர்ட் வில்சன், ஹென்ரி பவர்ஸ், ஆப்ஸ்லி செரி-கெரார்ட் ஆகிய மூவர் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடிக் குரோசியர் முனைக்குப் புறப்பட்டார்கள். துருவ மான் தோலில் தைத்த அவர்களுடைய ஸ்லீப்பிங் பேக்குகள் மூன்றும் கிளம்பும்போது 23 கிலோ சொச்சம் இருந்தன. ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்டு 1-ம் தேதி திரும்பி வந்த பிறகு எடை போட்டால் 53 கிலோ! செரி-கெரார்டின் பை மட்டும் 8 கிலோவிலிருந்து 20 கிலோ ஆகியிருந்தது.

கூடிய 30 கிலோவும் பனிக்கட்டி. அதில் பெரும்பகுதி வானத்திலிருந்து விழுந்ததில்லை. மூவரின் உடலிலிருந்து வியர்வையாகவும் மூச்சாகவும் வெளியேறிய ஈரம், தோலையும் மயிரையும் கடந்து போகும் வழியில் உறைந்து அங்கேயே தங்கிவிட்டது. வெளியே சில நாட்கள் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி வரை போயிற்று. ஒருநாள் காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்த செரி-கெரார்ட் சுற்றுமுற்றும் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். மறுபடி குனிய முடியவில்லை. சில நொடிகளுக்குள் உடை அந்த வாக்கிலேயே இறுகிவிட்டது. தலை நிமிர்ந்தபடியே மணிக்கணக்கில் பனிச்சறுக்கு வண்டியை இழுத்தார். அதற்குப் பிறகு மூவரும் கூடாரத்திலிருந்து வெளிவந்தவுடனே, உடை உறைவதற்கு முன்பே, வண்டி இழுக்கும் வாக்கில் குனிந்து நின்றுகொள்ளப் பழகினார்கள்.

குளிருக்கு உடை தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசும் யாரும் தடிமனில்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஈரத்தில் ஆரம்பிக்கிறேன். தடிமன் குறைவாக இருந்தால் குளிரும், அது உடனே தெரிந்துவிடும், மேலே ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஈரம் அப்படியில்லை. நன்றாகக் கதகதப்பாக இருக்கும்போதே உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும். நடையை நிறுத்திய பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

முதலில் ஓர் அடிப்படை. எந்த உடையும் சூடு தருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறார். உடை செய்வதெல்லாம் அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பதுதான். கோடையில் ஐஸ் கட்டியை உமியிலும் மரத்தூளிலும் புதைத்து வைப்பார்களே, அங்கே வெளிச்சூடு உள்ளே போகாமல் தடுக்கும் அதே வேலை இங்கே திசை மாறி நடக்கிறது. இரண்டிலும் தடையாக நிற்பது காற்று. அசையாமல் இருக்கும்வரை காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. தண்ணீர் அதைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளி நூலோ வாத்தின் மென்சிறகோ பாலியெஸ்டர் பஞ்சோ, எல்லாமே காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கும் சாரம்தான். அதனால்தான் ஒரே தடிமனுள்ள பஞ்சுறைகளை ஒப்பிட்டால், எந்த இழையில் செய்திருந்தாலும் அவை தரும் காப்பு பெரிதாக வேறுபடுவதில்லை.

இந்தக் காப்பை அளக்க ஓர் அலகு உண்டு. அமெரிக்காவில் கேஜ், பர்ட்டன், பேஸெட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1941-ல் முன்மொழிந்த ‘கிளோ’. 21 டிகிரி வெப்பமுள்ள, காற்றோட்டம் அதிகமில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடை 1 கிளோ. கோட்டு சூட்டு போட்ட ஓர் அலுவலரை நினைத்துக்கொள்ளலாம். நல்ல உடைப் பஞ்சு ஓர் அங்குலத் தடிமன் இருந்தால் சுமார் 4 கிளோ கிடைக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வெளியே மைனஸ் 20 டிகிரி, காற்று வீசவில்லை. பேருந்துக்காக அசையாமல் நிற்பவருக்கு எவ்வளவு காப்பு வேண்டும்? தோலின் வெப்பநிலையையும் உடல் உண்டாக்கும் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 கிளோ வரும். உடல் முழுக்க இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான மெத்தை. அதே மனிதர் அதே தெருவில் வேகமாக நடந்தால் 2 கிளோவுக்குச் சற்று மேல் போதும். வாசலில் விழுந்த பனியை மண்வெட்டியால் வாரிப் போடுகிறாரா? 1 கிளோ, அதாவது அந்த அலுவலரின் சூட்டே போதும். வெப்பமானி காட்டும் எண் மாறவேயில்லை, தேவை மட்டும் ஏழில் ஒரு பங்காகிவிட்டது. “மைனஸ் 20-க்கு என்ன போட வேண்டும்?” என்று கேட்பவரிடம் நான் பதிலுக்குக் கேட்பது: “அங்கே என்ன செய்யப்போகிறீர்கள்?”

7 கிளோ உடையோடு பனி வாரினால் என்ன ஆகும்? மிஞ்சிய வெப்பத்தைக் கழிக்க உடலுக்கு இருக்கும் ஒரே பெரிய வழி வியர்ப்பது. அந்த வியர்வை உடையில் ஊறுகிறது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு டம்ளர் அளவு, 200 மில்லிலிட்டர், வியர்வை உடையில் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஆவியாகி முடிய ஏறத்தாழ 480 கிலோஜூல் வெப்பம் தேவை. ஓய்வில் இருக்கும் உடல் 80 நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் அது. வேலையை முடித்துவிட்டு அப்பாடா என்று நிற்பவரிடமிருந்துதான் இந்தக் கடன் வசூலாகும்.

திருப்பூர் பனியனுக்கு நம் ஊர் வெயிலில் ஈடில்லை. வியர்வையை உறிஞ்சி, மெதுவாக உலர்ந்து, உலரும் நேரமெல்லாம் குளிர்ச்சி தருகிறது. அந்த நல்ல குணமேதான் மைனஸ் 20-ல் ஆபத்து. நனைந்த பருத்தி இழைகள் துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். நடுவே காற்றுக்கு இடமே இராது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் அடுக்கும் முதல் உருப்படி பெரும்பாலும் இதுதான். அதன் மேல் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஜாக்கெட் வாங்கிப் போட்டாலும், அடியில் நனைந்த பருத்தி இருக்கும்வரை காசு வீண். முதலில் மாற்ற வேண்டியது தோலைத் தொடும் துணி.

அங்கே கம்பளி நிற்கலாம், பாலியெஸ்டரும் நிற்கலாம். இரண்டும் வெவ்வேறு வழியில் உதவுகின்றன. பாலியெஸ்டர் இழை ஈரத்தை உள்ளே வாங்குவதே இல்லை என்று சொல்லலாம், தன் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. வியர்வை இழைகளின் இடைவெளி வழியே பரவிச் சீக்கிரம் உலர்ந்துவிடும். கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். கதகதப்பான வீட்டிலிருந்து பனிக்காற்றுக்குள் இறங்கும் முதல் சில நிமிடங்களில் கம்பளி ஆறுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இழை சுருள்சுருளாக இருப்பதால் நனைந்தாலும் அடியோடு படிந்துவிடாது. குத்தும், அரிக்கும் என்று பயப்படுகிறவர்கள் மெரினோ வாங்கலாம். அதன் இழை மிக மெல்லியது. தோலில் பட்டதும் வளைந்துவிடுவதால் குத்தாது. காசு கொஞ்சம் கூடுதல்தான், இந்த ஒரு அடுக்குக்கு அதைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் 1930-களில் இதற்கு இன்னொரு விடை கண்டுபிடித்தார். மீன்வலையை வெட்டி பனியனாகத் தைத்துப் போட்டுக்கொண்டார். பார்க்க வெறும் ஓட்டைகளாகத்தான் இருக்கும். மேலே ஒரு சட்டை போட்டதும் ஒவ்வொரு ஓட்டையும் காற்று நிற்கும் சிறு அறையாகிவிடுகிறது; ஈரமும் தோலில் ஒட்டாமல் மேல் துணிக்குப் போய்விடுகிறது. 1953-ல் எவரெஸ்ட் ஏறிய குழுவின் உடைகளில் இந்த வலை பனியனும் இருந்தது.

ஈரத்தைச் சமாளிக்கும் கலையில் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களை மிஞ்சியவர்கள் கிடையாது. அவர்களுடைய காரிபூ அங்கியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காரிபூ என்பது வட அமெரிக்கத் துருவ மான். அதன் மேல்மயிருக்குள்ளே காற்று நிரம்பிய நுண்ணறைகள் இருக்கின்றன. மயிருக்கும் மயிருக்கும் இடையிலும் காற்று, மயிருக்குள்ளும் காற்று. கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் சமயத்தில் வேட்டையாடிய மானின் தோல்தான் உடைக்கு ஏற்றது. அதற்கு முன்னால் மயிர் போதாது, குளிர்காலத்துத் தோல் மிகவும் கனம். உள் அங்கியின் மயிர் தோலைப் பார்த்து இருக்கும். வெளி அங்கியின் மயிர் வெளியே பார்த்து இருக்கும். நரம்பு நூலால் நெருக்கித் தைத்த தையல். முன்பக்கம் திறப்பு கிடையாது, தலை வழியே மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று திறந்திருக்கும். நடக்க நடக்கச் சூடேறினால் தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டாலே போதும். ஈரச் சூடான காற்று கழுத்து வழியே மேலே போய்விடும், கீழிருந்து உலர்ந்த காற்று ஏறும். மூச்சு வந்து படியும் தலைமூடியின் விளிம்பில் ஓநாய் அல்லது வொல்வரீன் என்ற விலங்கின் மயிர் வைத்திருப்பார்கள். அதில் உறையும் பனி கையால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கொம்பிலோ எலும்பிலோ மரத்திலோ செய்த தடியால் அங்கியை அடித்து, ஒட்டிய பனியை எல்லாம் உதிர்த்துவிடுவார்கள். பனியோடு உள்ளே போனால் அது உருகித் தோலில் இறங்கும், மறுநாள் வெளியே போனதும் உறையும். குரோசியர் முனைக்குப் போனவர்களுக்குத் தங்கள் பைகளைப் பயணம் முழுவதும் ஒருமுறைகூடச் சரியாக உலர்த்த வழி கிடைக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தடியின் அருமை தெரியும்.

1903-லிருந்து இரண்டு ஆண்டுகாலம் கிங் வில்லியம் தீவில் கப்பலை நிறுத்தியிருந்த ரோல்ட் அமுன்ட்சென் இந்த உடைக்கலையை நெட்சிலிக் இனுயிட் மக்களிடமிருந்து கற்றார். 1911 டிசம்பர் 14-ல் தென்துருவத்தை முதலில் அடைந்தவர் அவர். ஸ்காட்டின் குழு 1912 ஜனவரி 17-ல்தான் போய்ச் சேர்ந்தது, திரும்பும் வழியில் ஐவரும் இறந்தார்கள். உரோமத்தோல் அணிந்தவன் புத்திசாலி, கம்பளி அணிந்தவன் முட்டாள் என்று இந்தக் கதையைப் பல நூல்கள் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமுன்ட்சென் குழுவில் வண்டி இழுத்தவை நாய்கள். மனிதர்கள் பனிச்சறுக்குக் கட்டையில் கூடவே போனார்கள். அப்படிப்பட்டவர்களுக்கே துருவப் பயணத்தின் மிதமான நாட்களில் உரோம அங்கி தாங்க முடியாத சூடாக இருந்தது. கழற்றிவிட்டு மெல்லிய உடைக்கு மாறினார்கள். ஸ்காட்டின் ஆட்களோ வழியில் பெரும்பகுதியைத் தாங்களே வண்டி இழுத்துக் கடந்தார்கள். அந்த உழைப்புக்கு உரோம அங்கி போட்டிருந்தால் வியர்வையில் ஊறியிருப்பார்கள். கம்பளியும் அதன் மேல் காற்றுப் புகாத கபர்டீன் துணியும் அந்த வேலைக்குப் பொருத்தமான தேர்வே. அவர்களைக் கொன்றதில் பட்டினிக்கும் களைப்புக்கும் பெரும் பங்கு உண்டு, பழியை உடையின் தலையில் மட்டும் போட முடியாது.

கபர்டீன் என்றதும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் 1940-களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவில் ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். காற்று வீசும்போது தோல் உணரும் குளிரைச் சொல்ல வானிலை அறிவிப்பில் வரும் ‘விண்ட் சில்’ அங்கே பிறந்தது. இன்று கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் சூத்திரம் 2001-ல் வந்தது. டொராண்டோவில் தன்னார்வலர்களைக் குளிர்காற்றுச் சுரங்கத்தில் நடக்கவிட்டு, முகத்தில் உணரிகளை ஒட்டி அளந்து அதைச் சரிபார்த்தார்கள். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் விண்ட் சில் மைனஸ் 33. மைனஸ் 28-ஐத் தாண்டிவிட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும்.

காற்று உடைக்குள் புகுந்தால் அசையாத காற்று அசைந்துவிடுகிறது, கதை முடிந்தது. ஊரிலிருந்து கொண்டுவரும் தடித்த கைப்பின்னல் ஸ்வெட்டர் வீட்டுக்குள் அருமையாக இருந்துவிட்டுத் தெருவில் கைவிடுவது இதனால்தான். பின்னலின் ஒவ்வொரு கண்ணும் ஒரு ஜன்னல். அதன் மேல் காகிதம்போல மெல்லிய ஒரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டைப் போட்டால் அதே ஸ்வெட்டர் உயிர் பெற்றுவிடும். இரண்டாவது ஸ்வெட்டர் வாங்குவதைவிட இது மலிவு, பலனும் அதிகம்.

வெளி அடுக்கு காற்றைத் தடுக்க வேண்டும், ஈரத்தை வெளியே விடவும் வேண்டும். 1969-ல் பாப் கோர் என்பவர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்தால் நுண்துளைகள் நிறைந்த படலமாவதைக் கண்டுபிடித்தார். கோர்-டெக்ஸ் அப்படி வந்தது. நீர்த்துளி புகாது, நீராவி புகும். மழையும் பனிச்சேறுமாக இருக்கும் பூஜ்ய டிகிரிக்கு இது அற்புதம். கடும் குளிரில் நீராவி படலத்தை அடையும் முன்பே, அல்லது அதன் உட்புறத்திலேயே உறைந்துவிடும். அப்போது படலத்தின் பெருமை எடுபடாது. அக்குளருகே திறந்துவிடும் ஜிப், கழுத்துவரை ஏற்றி இறக்கும் ஜிப், இரண்டு பக்கமும் ஓடும் ஜிப் ஆகியவை இருக்கின்றனவா என்று கடையில் பாருங்கள். விலைச்சீட்டில் தொங்கும் தொழில்நுட்பப் பெயரைவிட அவை முக்கியம். வியர்க்கத் தொடங்கும் முன்பே திறந்துவிட வேண்டும். வீட்டை விட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடம் நடந்ததும் சரியாகிவிடும்.

நடு அடுக்குக்கு வந்தால், எடைக்கு எடை வாத்தின் மென்சிறகை விஞ்சியது இன்னும் இல்லை. ஒரு மென்சிறகை எடுத்துப் பாருங்கள். தண்டு இல்லை, ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் விரியும் இழைகள். கசக்கிவிட்டுக் கையைத் திறந்தால் மறுபடி விரிந்துகொள்ளும். 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் மென்சிறகை அடைத்துத் தைத்த கோட்டோடு வந்தார். கம்பளியும் ட்வீடும் அணிந்த சகாக்கள் கேலி செய்தார்கள். மலையில் குளிர் ஏறியதும் பொறாமைப்பட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் ஜெஃப்ரி புரூஸோடு 8,300 மீட்டர் உயரம்வரை ஏறினார், அன்றைக்கு அது உலகச் சாதனை. இதே ஃபின்ச்தான் பின்னாளில், 1952-லிருந்து 1957 வரை, புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். இன்று உலகெங்கும் தெருக்களில் தென்படும் புசுபுசு ஜாக்கெட்டுகளுக்கு அவருடைய கோட்டு மூதாதை. மென்சிறகின் ஒரே பலவீனம் ஈரம். நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு வெறும் துணிபோல் ஆகிவிடும். ஈரப்பனியும் மழையும் மாறிமாறி வரும் ஊரில் பாலியெஸ்டர் பஞ்சு வைத்த ஜாக்கெட்டையே வாங்கச் சொல்வேன்.

கை கால்களின் கணக்கு தனி. குளிர் உறைத்ததும் உடல் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது, நடு உடலின் சூட்டைக் காப்பாற்றுவதற்காக. அதனால் விரல் விறைத்தால் தடித்த கையுறையைத் தேடுவதற்கு முன் மார்பையும் தலையையும் கவனியுங்கள். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியே போகிறது என்பது தவறான நம்பிக்கை. தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, இழப்பும் ஏறத்தாழ அதற்கேற்பத்தான். ஆனாலும் மற்ற உறுப்புகளில் நடப்பதுபோல் தலையின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதில்லை, ஆகவே குல்லாய் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்யும். விரல்கள் ஒல்லியான உருளைகள். அவற்றைச் சுற்றித் தடிமனைக் கூட்டக் கூட்ட வெப்பம் வெளியேறும் பரப்பும் கூடிக்கொண்டே போகும். நான்கு விரல்களும் ஒரே அறையில் இருக்கும் மிட்டன் கையுறை விரல்விரலாகப் பிரிந்த கையுறையை வெல்வதன் காரணம் இதுதான்.

பூட்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறையைத் திணித்தால் காற்று நசுங்கும், ரத்த ஓட்டமும் தடைபடும், ஒரு காலுறையைவிட மோசமாகக் குளிரும். ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் துருவ மான் தோல் செருப்புக்குள் உலர்ந்த கோரைப்புல்லைக் கசக்கி மென்மையாக்கி அடைத்துக்கொள்வார்கள். இரவானதும் உருவி எடுத்து, உதறி, உலர்த்தி, காலையில் மறுபடி அடைப்பார்கள். ஸ்காட்டின் குழுவினரும் அதே புல்லைக் கொண்டுபோனார்கள். இன்றைய பூட்ஸில் கழற்றக்கூடிய உள்ளுறை வருகிறது, அதை இரவில் கழற்றி உலர்த்தாமல் விட்டால் காலையில் கால் வைப்பது ஈரத்தில்தான்.

கடைசியாக, தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு விரைந்து நடக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ 2 கிளோ போதும். அவர்களுக்கு வியர்க்கக்கூட வியர்க்கலாம். கையெட்டும் தூரத்தில், அதே காற்றில், குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெரியவர்களைவிடப் பல மடங்கு காப்பு வேண்டும். தமக்கு இருக்கும் சூட்டை வைத்துக் குழந்தையின் குளிரை அளப்பவர்கள் தவறாகவே அளப்பார்கள். இனுயிட் தாய்மார்களின் ‘அமௌட்டி’ அங்கி இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்த்துவிட்டது. குழந்தை அங்கிக்குள்ளே அம்மாவின் முதுகோடு ஒட்டியிருக்கும். அவள் நடையில் உண்டாகும் வெப்பம் அதற்கும் சேர்ந்து கிடைக்கும். தள்ளுவண்டியில் அந்த வசதி இல்லை, ஆகவே அடியிலும் ஒரு போர்வை வேண்டும், காற்றுப்பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். காரில் ஏற்றும்போது மட்டும் புசுபுசு கோட்டைக் கழற்றிவிட வேண்டும். மோதலில் கோட்டு நசுங்க, பட்டை தொளதொளத்துக் குழந்தையைப் பிடிக்காமல் போய்விடும். பட்டையை உடலோடு இறுக்கிப் போட்டு, அதன் மேல் போர்வையைப் போர்த்தலாம். கடைக்குள் போனதும் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். குழந்தையின் கையும் காலும் எப்போதும் சற்றுச் சில்லென்றுதான் இருக்கும், அவற்றை நம்ப வேண்டாம். பிடரி சில்லென்றிருந்தால் இன்னோர் அடுக்கு சேருங்கள், ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.